முதல் கடைசல் லேத்: பாதிப் பணத்தைச் சாணைக்கும் உளிக்கும் சக்குக்கும் வையுங்கள்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். கோயம்புத்தூரில் வீடு, மொட்டை மாடியில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு தகர ஷெட். மரத்தில் கிண்ணமும் பேனாவும் கடைந்து பழக ஆசை, இதுவரை லேத்தைத் தொட்டதில்லை. மேஜை மேல் வைக்கிற சின்ன லேத் வாங்குவதா, ஃபர்னிச்சர் பட்டறையில் கட்டில் கால் கடைந்த நாலடி லேத் ஒன்று பழசாக வருகிறதே, அதை எடுப்பதா? எட்டு உளி கொண்ட செட் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அது போதுமா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன லேத்தே வாங்குங்கள், ஆனால் இருப்பதிலேயே சின்னது வேண்டாம். எட்டு உளி செட் வேண்டவே வேண்டாம், நல்ல எஃகில் நான்கு உளி போதும். கையில் இருக்கும் தொகை முழுவதையும் லேத்திலேயே போட்டுவிடாதீர்கள். நூறு ரூபாய் இருந்தால் ஐம்பது லேத்துக்கு. மீதி ஐம்பதில் சாணை, கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக், உளி, முகக்கவசம் நான்கும் வந்தாக வேண்டும். இந்த நான்கில் சாணையைத்தான் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன், அதனால்தான் இந்தப் பதிலை லேத்திலிருந்து தொடங்காமல் சாணையிலிருந்து தொடங்குகிறேன்.

என் முதல் லேத்தோடு கடைக்காரர் எட்டு உளி அடங்கிய மரப்பெட்டி ஒன்றையும் விற்றார். புது உளி கூராகத்தான் இருக்கும் என்று நம்பினேன். காய்ந்த வேப்பங்கட்டையில் வைத்தால் சீவல் வரவில்லை, தூள்தான் வந்தது. அழுத்திப் பார்த்தேன். உளி அதிர்ந்தது, நார் பிய்ந்து கட்டை முழுக்கப் பூனை பிறாண்டினது போல் ஆகிவிட்டது, சாயந்திரத்துக்குள் மணிக்கட்டு வலி. மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று முடிவுகட்டி, பெரிய லேத்துக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்தேன். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் இருந்த சாணையில் ஓர் உளியைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். அதே கட்டை, அதே லேத். சீவல் நாடா மாதிரி உருவிக்கொண்டு வந்து முழங்கையில் விழுந்தது.

அந்தச் சுகம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. முனை மறுபடி மழுங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் முனையில் அரைக்கால் அங்குலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. சாணையில் சூடேறி எஃகின் கடினம் போய்விட்டது. அந்தப் பெட்டி உளிகள் கார்பன் எஃகு. கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், நீலம் தெரிகிறது என்றால் ஏறத்தாழ 300ஐத் தொட்டிருக்கிறது. ஹைஸ்பீட் ஸ்டீல், அதாவது ஹெச்எஸ்எஸ், 500 டிகிரியைத் தாண்டியும் கடினத்தைப் பிடித்துவைத்திருக்கும். புதிதாகச் சாணை பிடிப்பவர் கை கட்டாயம் உளியைச் சூடாக்கும். அதனால் கற்றுக்கொள்ளும் காலத்தில்தான் ஹெச்எஸ்எஸ் அதிகம் தேவை. "முதலில் மட்டமான செட்டில் பழகு, பிறகு நல்லது வாங்கு" என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உளியில் ஹெச்எஸ்எஸ் என்றோ அதன் ஒரு வகையான எம்2 என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எம்42 என்றால் கோபால்ட் கலந்தது, இன்னும் நீடித்து உழைக்கும், ஆனால் தொடக்கத்துக்கு எம்2 தாராளம்.

சரி, எந்தச் சாணை? 8 அங்குலக் கல், இரண்டு பக்கமும் கல் மாட்டும் பெஞ்ச் கிரைண்டர். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கிரைண்டர்கள் இரண்டு வேகத்தில் வரும். ஒன்று நிமிடத்துக்கு 2850 சுற்று அளவில், மற்றது 1440 அளவில். மெதுவாகச் சுற்றுவதையே கேட்டு வாங்குங்கள், எஃகைக் கொஞ்சமாகத் தின்னும், தவறு நடந்தால் திருத்த நேரம் கிடைக்கும். கூட வரும் சாம்பல் நிறக் கல் சாதாரண இரும்புக்கானது. அதைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 60 அல்லது 80 கிரிட் (துகள் அளவு), மாட்டுங்கள். கல்லை மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் 'ணங்' என்று ஒலிக்க வேண்டும். செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்டாதீர்கள். புதுக் கல்லை ஓடவிட்டு முதல் ஒரு நிமிடம் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

வெறும் கையால் கௌஜை, அதாவது வாய்க்கால் போல் குழிந்த உளியை, ஒரே கோணத்தில் பிடிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஆரம்பத்தில் உளியைக் கோணம் மாறாமல் தாங்கும் ஜிக் ஒன்று வேண்டும். ஒன்வே நிறுவனத்தின் வுல்வரின் ஜிக்கைப் பார்த்திருப்பீர்கள்: கல்லுக்குக் கீழே ஒரு கம்பி நீளும், அதன் நுனியில் 'வி' வடிவக் குழி, உளியின் கைப்பிடி அந்தக் குழியில் உட்காரும். நேரான சாய்வுகளுக்கு (முனைக்குப் பின்னால் சரித்துத் தேய்த்த பரப்புதான் சாய்வு) இதைப் பிளைவுட்டில் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். கிண்ணம் கடையும் பவுல் கௌஜின் வாயில் இரு பக்கமும் உள்ள சிறகுகளை வளைத்துச் சாணை பிடிக்க உதவும் ஜிக் கையை மட்டும் விலைக்கு வாங்குங்கள்.

பிடிக்கும் முறை இது. உளியின் சாய்வு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். சாணையை ஓடவிடாமல், கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றி உளியைத் தொடவிட்டு எடுங்கள். எங்கே மை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். அடியில் மட்டும் அழிந்தால் கோணம் சரியில்லை, முனையில் மட்டும் அழிந்தாலும் சரியில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக அழியும் வரை கம்பியை முன்பின் நகர்த்துங்கள். அதன் பிறகுதான் சுவிட்ச். அழுத்த வேண்டாம், உளியின் எடையே போதும். உளிக்கு அடியில் பொறி பறந்துகொண்டிருக்கும் வரை தேய்வது சாய்வுதான், முனை இல்லை. பொறி உளியின் மேல்பக்கம் ஏறி, வாய்க்காலுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் கல் முனையைத் தொட்டுவிட்டது, எடுத்துவிடுங்கள். பிறகு விளக்குக்குக் கீழே முனையை நேருக்கு நேர் பாருங்கள். மழுங்கின முனை வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும், மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கூரான முனையில் ஒன்றுமே தெரியாது. ஒரு கிண்ணம் முடிப்பதற்குள் நான் நாலைந்து முறையாவது சாணைக்குப் போய் வருவேன், கடைசிச் சீவலுக்கு முன் கட்டாயம் போவேன். அதனால் சாணை லேத்திலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஷெட் சின்னது என்பது இந்த விஷயத்தில் நல்லதே.

இப்போது அந்த நான்கு உளி. கட்டையைச் சதுரத்திலிருந்து உருண்டையாக்க ஒரு ஸ்பிண்டில் ரஃபிங் கௌஜ், முக்கால் அங்குலம். மணி, குழிவு போன்ற வளைவுகளுக்கு 3/8 அங்குல ஸ்பிண்டில் கௌஜ். கிண்ணத்துக்கு ஒரு பவுல் கௌஜ். வெட்டிப் பிரிக்கவும் அளவு குறிக்கவும் 3 மில்லிமீட்டர் பார்ட்டிங் உளி. சாய்வுக் கோணம் ரஃபிங்குக்கு 45 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜுக்கு 40, பவுல் கௌஜுக்கு 50 முதல் 55 வரை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கை பழகினதும் அவரவர் கோணம் அவரவர்க்குத் தெரியவரும்.

பவுல் கௌஜ் வாங்கும்போது ஓர் அளவுக் குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் வாய்க்காலின் அகலத்தைச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் கம்பியின் விட்டத்தைச் சொல்வார்கள். ராபர்ட் சார்பி போன்ற ஷெஃபீல்டு நிறுவனங்களின் 3/8 அங்குல பவுல் கௌஜும் அமெரிக்கர்களின் 1/2 அங்குலமும் ஏறத்தாழ ஒரே உளி. உங்களுக்கு வேண்டியது கம்பி விட்டம் 12, 13 மில்லிமீட்டர் உள்ளது.

இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது. அதன் வாய் அகலமாக, பலமாகத் தெரியும். ஆனால் அந்த உளியைத் தட்டையான எஃகுப் பட்டையிலிருந்து அடித்து வளைத்து, கைப்பிடிக்குள் போகும் வாலை மெல்லியதாக விட்டிருப்பார்கள். கிண்ணக் கட்டையில் நார் முனைகள் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வந்து மோதும். உளி மாட்டிக்கொண்டால் அந்த வால் இருக்கும் இடத்தில் ஒடியும், ஒடிந்த துண்டு முகத்துக்கு வரும். பவுல் கௌஜ் முழுக் கம்பியில் குடைந்தது, அதனால்தான் அந்த வேலையைத் தாங்குகிறது.

வாய் சாய்வாக இருக்கும் ஸ்க்யூ உளியை ஐந்தாவதாக, மூன்று மாதம் கழித்து வாங்குங்கள். நன்றாகப் பிடித்தால் உப்புத்தாளே தேவைப்படாத மேற்பரப்பைத் தரும், ஆனால் முதல் மாதத்தில் அது மனதை உடைத்துவிடும். ஆறாவது, சுரண்டிச் சமன் செய்ய ஒரு வட்ட ஸ்க்ரேப்பர். கைப்பிடி இல்லாத உளிகள் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, வேம்பிலோ பூவரசிலோ கைப்பிடியை நீங்களே கடைந்து, பித்தளைக் குழாய்த் துண்டைப் பூணாக மாட்டிக்கொள்ளுங்கள். காசும் மிச்சம், உங்கள் கைக்கு ஏற்ற தடிமனும் கிடைக்கும்.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை மாட்டிய உளிகளைப் பற்றி எப்படியும் காதில் விழும். சாணையே வேண்டாம், மழுங்கினால் முனையைத் திருப்பிப் போட்டால் போதும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அவை மரத்தைச் சுரண்டுகின்றன, சீவுவதில்லை. நார் பிய்ந்த இடத்தை உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டிவரும். பேனாவின் பிசின் கட்டைகளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பித் தொடங்கினால் சாணை பிடிக்கவும் சாய்வை மரத்தில் உரசவிட்டுச் சீவவும் கற்காமலே போய்விடுவீர்கள்.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினை. கையால் இழுக்கும் பழைய கடைசலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: மத்தில் சுற்றுவது போலவே கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பார்கள். கட்டை ஒரு திசையில் சுற்றும்போது மட்டும் உளி வெட்டும், மறு திசையில் சும்மா இருக்கும். அந்த வேகத்தில்தான் சொப்புச் சாமான் கடைந்து அரக்குப் பூசியிருக்கிறார்கள். சொப்புச் சாமான் கடையும் அம்பாசமுத்திரத்தில் இன்று மோட்டார் ஓடுகிறது, ஆனால் குறைந்த வேகத்தில் கூரான உளி என்ன செய்யும் என்பதற்கு அந்தக் கயிற்றுக் கடைசல்தான் என் சாட்சி. உங்கள் லேத்தின் உச்ச வேகம் எத்தனை என்று பார்க்காதீர்கள். குறைந்த வேகம் எத்தனை என்று கேளுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடைசல்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே வர வேண்டும். 8 அங்குலக் கிண்ணம் என்றால் 750 முதல் 1100 சுற்று. அது கட்டை உருண்டையாகி, சமநிலைக்கு வந்த பிறகு. ரம்பத்தால் அறுத்த கோணல் கட்டையை முதலில் ஓடவிடும்போது அதில் பாதிக்கும் கீழே போக வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மினி லேத்கள் பலவற்றில் மிகக் குறைந்த வேகமே 500, 700 என்று இருக்கும். 10 அங்குலக் கட்டை 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சமநிலை இல்லாத நாலு கிலோ மரம் அந்த வேகத்தில் சுற்றும்போது மேஜை ஷெட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடும். ஆகவே 250 சுற்றுக்குக் கீழே இறங்கும் லேத்தைத் தேடுங்கள். ஜெட் நிறுவனத்தின் 1221 மாடல் 60 முதல் 3600 சுற்று வரை போகும், நல்ல லேத் எப்படி இருக்கும் என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வேகத்தைத் திருகி மாற்றும் எலெக்ட்ரானிக் வசதி இருந்தாலும் உள்ளே இரண்டு மூன்று பெல்ட் படிகள் இருக்கிறதா என்று பாருங்கள். திருகி மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் சக்தியும் சேர்ந்து குறையும், பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினால்தான் இழுவை கிடைக்கும்.

அடுத்தது ஸ்பிண்டிலின், அதாவது கட்டையைச் சுற்றும் லேத் தண்டின், மரை. இதில் தப்பு செய்தால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். 1 அங்குலம் 8 மரை (1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை) அல்லது ஐரோப்பிய லேத்களில் வரும் எம்33 (33 மில்லிமீட்டர் விட்டம்), இந்த இரண்டில் ஒன்று இருந்தால் சக், கட்டையைத் திருகாணியால் இறுக்கும் ஃபேஸ்பிளேட் எதுவும் சுலபமாகக் கிடைக்கும். ஸ்பிண்டில், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இரண்டின் உள்ளேயும் மோர்ஸ் டேப்பர் 2 என்ற அளவுக் கூம்புத் துளை இருக்க வேண்டும், டேப்பர் 1 என்றால் விட்டுவிடுங்கள். 12 அங்குல ஸ்விங் என்று எழுதியிருந்தால் 12 அங்குல விட்டமுள்ள கட்டை லேத்தின் அடித்தளமான பெட் மேல் இடிக்காமல் சுற்றும் என்று அர்த்தம். நீளமான கட்டை கடையும்போது அடியில் பான்ஜோ, அதாவது உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டின் அடிப்பகுதி, வந்துவிடுவதால் அந்த அளவு கிடைக்காது. நடைமுறையில் 12 அங்குல லேத்தில் 10 அங்குலக் கிண்ணம் வசதியாகச் செய்யலாம். மோட்டார் முக்கால் ஹெச்.பி.யிலிருந்து 1 ஹெச்.பி. வரை. அரை ஹெச்.பி. பேனாவுக்குப் போதும், கிண்ணத்துக்குத் திணறும்.

லேத்தின் எடையைக் கண்டு பயப்பட வேண்டாம், வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிவிடும். 40, 50 கிலோ லேத்தை மாடிக்கு இருவர் தூக்கிவிடலாம். கனமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்கி, கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வையுங்கள். ஸ்பிண்டிலின் மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரட்டும். மேஜைக் கால்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்கு உத்தரம் முழுக்க உறுமல் கேட்கும்.

அந்த நாலடிப் பழைய லேத். இந்த வகை லேத்கள் கட்டில் கால், ஊஞ்சல் கம்பு, மாடிப்படித் தூண் கடைவதற்காகவே செய்தவை. பெட் நல்ல வார்ப்பாக இருக்கும், ஆனால் இவற்றில் பல முன்முனையில் கட்டையைக் குத்திச் சுற்றும் ஆணிக்கொண்டையோடு மட்டும் வரும், சக் மாட்ட மரை இருக்காது. வேகம் மாற்றுவது பெல்ட் ஏறும் படிப்புல்லியில்தான். கோயம்புத்தூரில் நீங்கள் இருப்பதால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நல்ல டர்னரிடம் கொடுத்து ஸ்பிண்டிலுக்கு 1 அங்குலம் 8 மரையில் அடாப்டர் செய்துகொள்ளலாம். 230/415 என்று பலகையில் எழுதிய 1 ஹெச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரும், மோட்டார் வேகத்தை மாற்றித்தரும் விஎஃப்டி என்ற மின்கருவியும் போட்டால் வீட்டு ஒற்றை ஃபேஸிலேயே வேகத்தைத் திருகிக்கொள்ளலாம். மோட்டாரும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊர் உங்களுடையது, ஆள் கிடைப்பார்கள். ஆனாலும் முதல் லேத்தாக இதை நான் சொல்லமாட்டேன். கடையப் பழகுவதற்குப் பதில் ஆறு மாதம் லேத்தைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள். எட்டடி ஷெட்டில் அது பாதி இடத்தையும் எடுத்துக்கொள்ளும். பிறகு கட்டில் கால் கடையத் தோன்றினால் வாங்குங்கள்.

எந்த லேத்தாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை. முன்முனையிலும் டெயில்ஸ்டாக்கிலும் கூர்முனைகளை மாட்டி ஒன்றை ஒன்று தொடும்படி கொண்டுவாருங்கள். இரண்டு ஊசியும் சந்திக்க வேண்டும், விலகி நின்றால் சக்கும் துளையும் எப்போதும் கோணலாக வரும். ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் பேரிங் மணல் அரைப்பது போல் சத்தம் போடக் கூடாது. டூல் ரெஸ்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதற்காக லேத்தை ஒதுக்க வேண்டாம், அரத்தால் பத்து நிமிடத்தில் சமன் செய்துவிடலாம்.

சக் பற்றிச் சுருக்கமாக. நான்கு தாடைகளும் சேர்ந்து நகரும் ஸ்க்ரோல் சக், 50 மில்லிமீட்டர் தாடையோடு வாங்குங்கள். கிண்ணத்தின் அடியில் சக் பிடிப்பதற்காகக் கடையும் டெனன் என்ற குட்டை முளை, தாடைகள் ஏறக்குறைய முழுதும் மூடிய நிலையில் வரும் விட்டத்துக்கு இருந்தால்தான் தாடை முழுவதும் பற்றும். டெனனின் அடி சக்கின் உள்ளே முட்டக் கூடாது, தோள் மட்டும் தாடை முகத்தில் உட்கார வேண்டும். கிண்ணம் கழன்று போனது என்று சொல்பவர்களின் டெனனைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தவறு இந்த இடத்தில்தான் இருக்கும்.

முகக்கவசம் என்றால் முழு முகத்தையும் மூடுகிற, மோதலைத் தாங்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் திரை. மூக்குக்கண்ணாடி போதாது. ஒருமுறை மாங்கட்டையில் பட்டைக்கு அடியில் ஒரு விரிசல் இருந்ததைப் பார்த்தேன், "கொஞ்சம்தானே" என்று ஓடவிட்டேன். உள்ளங்கையளவு துண்டு பிரிந்து நேராகத் திரையில் அடித்தது. திரையில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது, சரியாக இடது கண்ணுக்கு நேரே. அன்றிலிருந்து விரிசல் தெரிந்த கட்டை அடுப்புக்குப் போகிறது. சுவிட்ச் போடும் முன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள், வேகத்தைக் கடைசிக்கு இறக்குங்கள், கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று போடுங்கள். கையுறை கூடாது. மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிவிட்ட மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வீட்டில்தானே என்று லுங்கியோடும் தொளதொள சட்டையோடும் நிற்காதீர்கள். கூந்தலையும் துப்பட்டாவையும் கட்டாமல் யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

தூசிக்கு நல்ல மாஸ்க். ஈட்டி மரத்தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். வாகைத்தூள் தும்மலை நிறுத்தவிடாது. தில்லை, சேராங்கொட்டை, எட்டி, அரளி இவற்றை லேத் பக்கமே கொண்டுவராதீர்கள். முதல் இரண்டும் தோலைப் புண்ணாக்கும், பின் இரண்டும் நஞ்சு.

மரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தெருவோர மரக்கிளைகளை வெட்டுகிறவர்களிடம் பேசி வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் விழுந்த தூங்குமூஞ்சி மரங்களில் எவ்வளவோ விறகாகப் போனது. அதே மரத்தை ஹவாயில் மங்கிபாட் என்று சொல்லிக் கிண்ணம் கடைந்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி சீவும், கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. காயும்போது வெடிக்காமல் இருக்க அறுத்த அன்றே முனைகளில் மெழுகு பூசுங்கள். கிண்ணத்தைச் சுவர் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்படி கடைந்து, காகிதப்பையில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றதும் இரண்டாம் தடவை கடைந்து முடியுங்கள். தேக்கை ஆரம்பத்தில் தொடாதீர்கள், அதிலுள்ள சிலிக்கா உளியை வேகமாக மழுக்கிவிடும்.

பேனாவுக்குத் தனியாக, கட்டையைக் கோத்துச் சுற்றும் மாண்ட்ரல் கம்பி, அளவு காட்டும் புஷ் வளையங்கள், டெயில்ஸ்டாக்கில் மாட்டும் துரப்பணச் சக் வேண்டும், மாண்ட்ரலும் சக்கும் மோர்ஸ் டேப்பர் 2இல். ஆனால் முதல் மாதம் பேனாவுக்கும் கிண்ணத்துக்கும் போகாதீர்கள். பச்சைக் கிளையில் பத்துப் பம்பரம் கடையுங்கள். பம்பரத்தில் கூம்பு, வளைவு, பள்ளம், வெட்டிப் பிரித்தல் எல்லாம் வந்துவிடும், சரியாக வந்ததா என்பதைச் சுற்றிவிட்டாலே அதுவே சொல்லிவிடும். அப்புறம் ஒரு மத்து, ஒரு பூரிக்கட்டை. அதன் பிறகு மூடியுள்ள குங்குமச் சிமிழ் ஒன்று. அந்த மூடி சின்னச் சத்தத்தோடு கழன்று வரும்படி பொருத்திவிட்டால் உங்கள் கை கிண்ணத்துக்குத் தயாராகிவிட்டது.

வாங்கும் வரிசையும் முக்கியம். இந்த மாதமே சாணையையும் வெள்ளைக் கல்லையும் வாங்கிவிடுங்கள். லேத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு அது வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். இரும்புக் கடையில் அரை அங்குலக் கம்பி இரண்டடி வாங்கி, அதன் நுனியில் 50 டிகிரி சாய்வு பிடித்துப் பழகுங்கள். மார்க்கர் மை ஒரே சீராக அழிகிற வரை திரும்பத் திரும்பப் பிடியுங்கள். அந்தக் கம்பி நாலு அங்குலம் தேய்ந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. லேத்தும் பவுல் கௌஜும் வீட்டுக்கு வரும்போது, நீங்கள் சாணையில் வைக்கும் முதல் நல்ல உளி பாழாகாது.